ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்கும் கால்

காலை ஐந்து மணி பத்து நிமிடம். கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு பித்தளை டவரா. அதில் பாதி அளவு காப்பி. காப்பியின் நடுவில் ரூபாய் நாணய அகலத்துக்கு ஒரு சுண்ணாம்புப் பொருக்கு மிதந்துகொண்டிருந்தது.

டவராவைப் பிடித்திருந்தவர் எங்கள் வீட்டுக்காரர். கீழ் வீட்டில் அவர், மாடியில் நாங்கள்.

"பாத்தேளா?" என்றார்.

பார்த்தேன் என்றேன். நான் அரை டிராயரும் பனியனுமாக நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். அவருக்குப் பின்னால் மழை சரம் சரமாக இறங்கியது.

"இது எங்கேருந்து விழுந்ததுன்னு சொல்லுங்கோ."

"மச்சுலேருந்தா சார்?"

"மச்சு தானா விழுமா? எங்க தோப்பனார் கட்டின மச்சு. தேக்கு உத்தரம். நாப்பது வருஷமா ஒரு துளி உதிர்ந்ததில்லை. நீங்க மேல குதிரை விடறேள், கீழ என் காப்பில சுண்ணாம்பு விழறது. நான் என்ன வெத்தலையா போட்டுண்டிருக்கேன், சுண்ணாம்பு கொடுங்கோன்னு கேட்டேனா?"

"ஓடறேன் சார்."

"ஆத்துக்குள்ளயா?"

"வெளியில மழை பெய்யுது."

"மழை பெய்ஞ்சா மனுஷா ஆத்துல உக்காந்துப்பா. ஓட மாட்டா." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். "தை பொறக்கட்டும். வேற எடம் பாத்துக்கோங்கோ."

டவராவோடு இறங்கிப் போனார். காப்பியைக் கொட்டவில்லை. படியின் திருப்பத்தில் நின்று பொருக்கை விரலால் எடுத்துச் சுண்டிவிட்டு மீதியைக் குடித்தார். அதை மேலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது ஐப்பசி. எழுபதுகளின் பின்பாதி. வீடு மந்தைவெளியில். இரண்டு அறைகள், நீளமாக ஒரு கூடம், கூடத்தின் ஒரு முனையில் சமையலறை, மறுமுனையில் தெருவைப் பார்த்த வராண்டா. இப்படி எழுதினால் அதன் அருமை தெரியாது. அந்த வீட்டின் மாடிக் குழாயில் சித்திரையிலும் தண்ணீர் வந்தது. அந்தக் காலத்துச் சென்னையில் குடியிருந்தவர்களுக்கு இந்த ஒரு வாக்கியம் போதும். என் மனைவி ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நடந்தே போய்விடுவாள். மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்புவாள். அந்த வீடு கிடைப்பதற்கு முன்னால் மூன்று வீடுகள் மாறியிருந்தோம். ஒவ்வொன்றிலும் அவள் குடத்தோடு கியூவில் நின்றிருக்கிறாள்.

வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டதும் அவள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"மாமா கிட்ட ஆதம்பாக்கம் வீடு சும்மாதான் கெடக்கு," என்றாள். மாமா என்றால் அவளுடைய தாய்மாமா. தியாகராய நகரில் பாத்திரக்கடை வைத்திருந்தார். "அங்கேருந்து நான் ஸ்கூலுக்கு எப்படி வர்றது? ரயில்ல மாம்பலம். மாம்பலத்துலேருந்து பஸ். திரும்பி வர்றப்ப பஸ், ரயில். நடுவுல தெருவெல்லாம் மழைக்காலத்துல குளம்."

"ஓடறதை நிறுத்திடறேன்."

அவள் கொடியில் தொங்கிய என் சட்டையின் பையைப் பார்த்தாள். நான்கு மாதமாக அந்தப் பையில் சிகரெட் பாக்கெட் இல்லை. பதினைந்து வருடப் பழக்கம், ஓட ஆரம்பித்த வாரத்தில் விட்டுப் போயிருந்தது. ஓடுகிறவனால் ஊத முடியவில்லை, அவ்வளவுதான். ஓட்டத்தை நிறுத்தினால் பாக்கெட் திரும்பி வந்துவிடும் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"நிறுத்தவும் வேண்டாம், ஆதம்பாக்கமும் வேண்டாம்," என்றாள். கணக்கு வாத்தியார்கள் இப்படித்தான் பேசுவார்கள். விடையைச் சொல்லிவிட்டு வழிமுறையை நம்மிடம் விட்டுவிடுவார்கள்.

ஓட்டம் எனக்கு வேலை வழியாக வந்தது. அப்போது ஒரு தமிழ்த் தினசரியில் உதவியாசிரியராக இருந்தேன். ஞாயிறு இணைப்பில் ஒரு கால் பக்கம் காலியாக இருந்தது. அமெரிக்காவில் வயது வித்தியாசமில்லாமல் ஜனங்கள் காலையில் தெருவில் ஓடுகிறார்கள் என்று டெலிபிரிண்டரில் நீளமாக ஒரு கட்டுரை வந்திருந்தது. அதைத் தமிழில் போட்டு நிரப்பச் சொன்னார்கள்.

அந்த ஓட்டத்துக்குத் தமிழில் என்ன பெயர் என்பதில் செய்தி மேசையில் அரை மணி நேரம் போனது. மெல்லோட்டம் என்றார் ஒருவர். அது மாட்டுவண்டிக்குச் சொல்வது என்றார் இன்னொருவர். "ஓட்டமும் நடையும்" என்று நான் எழுதிக் கொடுத்தேன். மேசைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஓட்டமும் நடையுமா போறதுக்கு அமெரிக்கா எதுக்குய்யா? என் சம்சாரம் தினம் ரேஷன் கடைக்கு அப்படித்தான் போறா."

கடைசியில் 'ஓடினால் ஆயுள் கூடும்' என்று தலைப்புப் போட்டோம். எதற்கும் பெயர் வைக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

கட்டுரை இடத்தைவிட நீளம். எங்கள் வழக்கம் கீழேயிருந்து வெட்டுவது. முக்கியமானது மேலே இருக்கும், வால் எப்போதும் வெட்டுவதற்காகவே எழுதப்படுகிறது என்பது அச்சுக்கூடத்தில் யாரும் கேள்வி கேட்காத விஷயம். இந்தக் கட்டுரையின் வாலில் காலை எப்படி வைப்பது என்று ஒரு பத்தி இருந்தது. அதன் முதல் வாக்கியம் மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. ஓடும்போது பாதம் உடம்புக்குக் கீழே விழ வேண்டும் என்றது அது. பாதம் உடம்புக்குக் கீழே இல்லாமல் வேறு எங்கே இருக்கும்? பக்கத்து நாற்காலிக்காரரிடம் படித்துக் காட்டினேன். இருவரும் சிரித்தோம். பத்தி முழுவதையும் வெட்டினேன். இடம் கச்சிதமாக அமைந்தது.

ஆக, மேல் பாதிக் கட்டுரையை மட்டும் வைத்துக்கொண்டு நான் ஓட ஆரம்பித்தேன்.

மேல் பாதியில் வேகத்தைப் பற்றி இருந்தது. முதல் நாளே வேகமாக ஓடாதே. பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே ஓட முடிந்தால் அதுதான் சரியான வேகம். பேச்சு அறுந்தால் வேகத்தைக் குறை. நியாயமான யோசனைதான். பக்கத்தில் வருவதற்குத்தான் ஆள் இல்லை. மனைவியைக் கூப்பிட்டேன். "நீங்க போய்ட்டு வந்து பேசுங்க" என்றாள்.

அதனால் தனியாகப் பேசிக்கொண்டு ஓடினேன். என்ன பேசுவது என்று ஒரு பிரச்சினை வந்தது. மனப்பாடமாக எனக்கு உருப்படியாகத் தெரிந்தது தினம் ஆபீசுக்குப் போகும் பஸ்ஸின் நிறுத்தங்கள் மட்டும்தான். பட்டினப்பாக்கம் மணலில், வெள்ளைக் கான்வாஸ் ஷூவோடு, சத்தமாகச் சொல்லிக்கொண்டு ஓடினேன். "மந்தைவெளி, லஸ், ராயப்பேட்டை மணிக்கூண்டு, மவுண்ட் ரோடு." ஒரே மூச்சில் மவுண்ட் ரோடு வரை வர முடிந்தால் வேகம் சரி. மணிக்கூண்டில் மூச்சு முட்டினால் வேகம் அதிகம்.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, வலையை உதறிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா சார், பஸ் எங்க?"

பக்கத்தில் இருந்தவர், "கண்டக்டர் மட்டும் முன்னாடி வந்துகினு கீறாரு. வண்டி பின்னாடி வருது," என்றார்.

அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் வந்தாலே, "சார், பாரிமுனைக்கு ஒண்ணு குடு" என்று கை நீட்டுவார்கள். வேகத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே ஓட முடிந்த வேகம்தான் சரியான வேகமாக இருந்தது. ஆவணி முடிவதற்குள் பாரிமுனை வரை ஒரே மூச்சில் போக முடிந்தது. நிறுத்தங்களைச் சொல்கிறேன். கால்கள் பட்டினப்பாக்கத்தைத் தாண்டவில்லை.

வேகம் சரியானபோது முழங்கால் கெட்டது. இடது முழங்கால். முதலில் மாடிப்படி இறங்கும்போது மட்டும் சொன்னது. பிறகு உட்கார்ந்து எழுந்தால் சொன்னது. லஸ்ஸில் ஒரு டாக்டரிடம் போனேன். முட்டியைச் சுற்றி விரலால் அழுத்தினார்.

"இங்க வலிக்கறதா?"

"வலிக்குது."

"இங்க?"

"அங்கேயும்."

"யாராவது துரத்தறாளா?"

"இல்ல டாக்டர்."

"அப்ப எதுக்கு ஓடறேள்?" என்று கேட்டுவிட்டு ஒரு தைலம் எழுதிக் கொடுத்தார். தைலம் நல்ல வாசனையாக இருந்தது. ஆபீசில் என் பக்கத்து நாற்காலிக்காரர் இரண்டு நாள் தள்ளி உட்கார்ந்தார்.

இந்த நிலையில்தான் மழை பிடித்துக்கொண்டது. மந்தைவெளித் தெருவில் கணுக்கால் தண்ணீர். சரி, கூடத்திலேயே ஓடுவோம் என்று வராண்டாவிலிருந்து சமையலறைக் கதவு வரை, அங்கிருந்து திரும்பி வராண்டா வரை, நாலரை மணிக்கே எழுந்து ஓடினேன். மணல் வாங்கிக்கொண்டிருந்த அடியை இப்போது வீட்டுக்காரரின் தோப்பனார் கட்டிய மச்சு வாங்கிக்கொண்டது. மச்சு வாங்கியதில் ஒரு பொருக்கு காப்பியில் விழுந்தது.

வீட்டைக் காலி செய்யச் சொன்னதற்கு மறுநாளும் ஓடினேன். மெதுவாகத்தான். இரண்டாவது சுற்றில் என் காலுக்கு நேர் கீழேயிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் வந்தது. நின்றேன். சத்தம் நின்றது. ஓடினேன். டொக். ஒட்டடைக் கோலால் மச்சைத் தட்டுகிறார் என்று புரிந்தது. மேலே வந்து சொல்வதைவிட அது அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்க வேண்டும்.

நாலைந்து நாளில் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். அவர் எல்லா அடிக்கும் தட்டவில்லை. ஒன்று விட்டு ஒன்று தட்டினார். படியில் பார்த்தபோது கேட்டேன்.

"சார், எல்லா அடிக்கும் தட்டறதில்லையா?"

"எல்லாத்துக்கும் தட்டினா என் கை என்னத்துக்கு ஆறது? பெரிசா விழறதுக்கு மட்டும்தான் தட்டறேன்."

"பெரிசா விழறது எந்தக் கால் சார்?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் கீழன்னா இருக்கேன்!"

மறுநாள் தட்டும்போது குனிந்து பார்த்துக்கொண்டே ஓடினேன். இடது கால். வலிக்கிற முழங்காலும் அதுதான். லஸ் டாக்டர் வலிக்கிற இடத்தை அழுத்தித்தான் பார்த்திருந்தார். வீட்டுக்காரர் தட்டியதில், பெரிதாக விழும் கால்தான் வலிக்கிறது என்று தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்ததை வைத்து என்ன செய்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அவருக்கு அந்தக் கவலையும் இல்லை.

முதலில் நுனிக்காலில் ஓடிப் பார்த்தேன். பூனை நடப்பதுபோல. அபாரமான வெற்றி. கீழே ஒரு தட்டுகூட இல்லை. அரை மணி நேரம் ஓடிவிட்டு உட்கார்ந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு கெண்டைக்காலும் கல்லாகிவிட்டன. ஆபீசுக்குப் போக வேண்டும். படியில் முன்பக்கமாக இறங்க முடியாததால் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினேன். கீழே வீட்டுக்கார மாமி துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஏன் இப்படி எறங்கறேள்? ஏணின்னு நெனைச்சுண்டேளா?"

"கால் பிடிச்சிருக்கு மாமி."

"பிடிக்காம என்ன பண்ணும்? அதுக்கும் ஒரு பொறுமை இருக்கோன்னோ."

அடுத்ததாகப் பாய்களை விரித்துப் பார்த்தேன். கூடத்தில் மூன்று கோரைப்பாய், அடியில் ஒரு ஜமக்காளம். திரும்பும் இடத்தில் பாய் என்னோடு சேர்ந்து ஓடி வந்தது. பாயும் நானும் சமையலறைக்குள் போய் அரிசி டின்னில் நின்றோம். அன்றைக்குக் கீழேயிருந்து தட்டவே இல்லை. எல்லாரும் எழுந்து மாடிக்கு வந்துவிட்டார்கள்.

"இது ஓடற சத்தம் இல்லையே," என்றார் வீட்டுக்காரர், டின்னைப் பார்த்து.

"இல்ல சார். இது வேற."

"தைக்கு இன்னும் நாள் இருக்கு. அதுக்குள்ள ஆத்தை மிச்சம் வைங்கோ."

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆதம்பாக்கம் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு வர, மாமாவின் கடைக்குக் கிளம்பினோம். என் மனைவி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பனகல் பூங்காவை ஒட்டி பஸ் திரும்பும்போது வேகம் குறையும். கடை அந்தத் திருப்பத்துக்குப் பக்கம். நிறுத்தம் இன்னும் தள்ளி. நான் வழக்கம்போலப் பின்படிக்கட்டுக்குப் போய், வலது கையால் கம்பியைப் பிடித்து, இடது காலை நீட்டி இறங்கினேன்.

"யோவ்! வூட்ல சொல்லிகினு வந்தியா?" என்றார் கண்டக்டர்.

"வூட்டுக்காரம்மாவே உள்ளதான் கீது," என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

இதில் எனக்குப் பெருமை உண்டு. ஆபீஸ் மவுண்ட் ரோடு ரவுண்டானா பக்கம். பஸ் அங்கேயும் திரும்பும்போது வேகம் குறையும். நிறுத்தம் வரை போய் நடந்து திரும்பி வருவது மூன்று நிமிட நஷ்டம். பத்திரிகைக்காரன் யாரும் அந்த மூன்று நிமிடத்தை விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து தினமும் அப்படித்தான் இறங்கினேன். அதற்கு ஒரு முறை இருக்கிறது. உடம்பைப் பின்னால் சாய்த்துக்கொள்ள வேண்டும். இடது காலை முன்னால் எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் நீட்டி, குதிகாலை ஊன்றி, பஸ் கொடுத்த வேகத்தை அந்தக் குதிகாலால் நிறுத்த வேண்டும். காலை நீட்டாமல் இறங்கினால் முகம் தரையில்.

நான் நடைபாதையில் நின்று காத்திருந்தேன். என் மனைவி நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்தாள். வழக்கமாக இந்த இடத்தில் அவள் முகம் ஒரு மாதிரி இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து எங்கே போனாலும் நான் முன்னால் குதித்துவிடுவேன், அவள் தனியாக நிறுத்தத்திலிருந்து வருவாள். அன்றைக்கு முகம் வேறு மாதிரி இருந்தது. கரும்பலகையில் ஒரு பையன் போட்ட கணக்கில் தப்பு எந்த வரியில் என்று கண்டுபிடித்தவள் போல வந்தாள்.

"ஓடுங்க," என்றாள்.

"எங்க?"

"இங்கதான். அந்தப் பூக்காரம்மா வரைக்கும் ஓடிட்டு வாங்க."

"ஞாயித்துக்கிழமை, பனகல் பார்க்ல—"

"ஓடுங்கன்னா."

ஓடினேன். பேன்ட்டும் தோல் செருப்புமாக. தீபாவளி முடிந்தும் ஜவுளிக்கடைக் கூட்டம் குறையாத நேரம். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது.

"இன்னா நைனா, பர்ஸ அட்ச்சிட்டானா?" என்று பூக்காரம்மா எழுந்தே நின்றுவிட்டார். "எந்தப் பக்கம் போனான்? சட்டை இன்னா கலரு?"

"யாரும் இல்லம்மா. சும்மாதான்."

"சும்மாவா?" என்றார். என்னையும், தொலைவில் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மனைவியையும் பார்த்தார். "ஓஹோ. நீ ஓடு நைனா. ஓடிக்கினே இரு."

திரும்பி வந்தேன்.

"நீங்க ஓடலை," என்றாள் என் மனைவி. "பஸ்ஸிலிருந்து எறங்கறீங்க. ஒவ்வொரு தடவையும் எறங்கறீங்க. உடம்பு பின்னாடி, இடது கால் முன்னாடி. வீட்டுக்குள்ள காலையில அரை மணி நேரமும் எறங்கிக்கிட்டே இருக்கீங்க. பின்ன சுண்ணாம்பு விழாம என்ன செய்யும்?"

நான் அந்த நடைபாதையில் நின்று என் இடது காலைப் பார்த்தேன். வெட்டிய பத்தி நினைவுக்கு வந்தது. பாதம் உடம்புக்குக் கீழே விழ வேண்டும். என் பாதம் உடம்புக்கு ஒரு முழம் முன்னால் விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு அடியிலும் நானே என்னை நிறுத்தி, நிறுத்தியதை மீறி மறுபடி என்னைத் தள்ளிக்கொண்டிருந்தேன். நடுவில் மாட்டிக்கொண்டது முழங்கால்.

"அப்ப எப்படி ஓடறது?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். திருப்பத்தில் ஒரு பஸ் வேகம் எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு ஆள், கையில் துணிக்கடைப் பையோடு, அதைப் பிடிக்க ஓடினார். உடம்பு முன்னால் சாய்ந்திருந்தது. அடிகள் சின்னச் சின்னதாக, விடுவிடுவென்று விழுந்தன. காலை நீட்ட அவருக்கு நேரமில்லை. விழுந்த இடமெல்லாம் அவருக்குக் கீழேயே விழுந்தது.

"அப்படி," என்றாள். "ஏறற மாதிரி ஓடுங்க. எறங்கற மாதிரி ஓடாதீங்க."

மாமா சாவியைக் கொடுத்தார். காப்பி வாங்கிக் கொடுத்தார். ஆதம்பாக்கத்தில் காற்று நன்றாக இருக்கும் என்றார். தண்ணீரைப் பற்றிக் கேட்டதற்கும் காற்று நன்றாக இருக்கும் என்றே சொன்னார். திரும்பும்போது நான் நிறுத்தத்தில் இறங்கினேன்.

மறுநாள் காலை கூடத்தில், இல்லாத ஒரு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். என் மனைவி சமையலறை வாசலில் நின்றாள். உடம்பைக் கணுக்காலிலிருந்து கொஞ்சம் முன்னால் சாய்த்து, முழங்காலை மடக்கியே வைத்து, சின்னச் சின்ன அடிகளாக. நான் அடியை நீட்டினால் அவள் "எறங்கறீங்க" என்பாள். அவள் சொல்வதற்கும் கீழே கோல் தட்டுவதற்கும் இடையில் அதிக நேரம் இருக்காது. சில சமயம் இரண்டும் சேர்ந்தே வரும். ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஒரே காலைப் பற்றி மேலும் கீழுமாக இரண்டு பேர் கருத்துச் சொன்னார்கள்.

ஒரு வாரத்தில் தட்டு பாதியாகக் குறைந்தது. வேகத்தைக் கூட்டினால்தான் திரும்ப வரும். அதனால் மறுபடியும் நிறுத்தங்களைச் சொல்ல ஆரம்பித்தேன், இந்த முறை முணுமுணுப்பாக. மணிக்கூண்டு வரும்போது கால் நீள்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். மூச்சு முட்டும்போதெல்லாம் கால் தானாக நீண்டது. மூச்சு சீராக இருந்தால் கால் அடங்கி இருந்தது. திரும்பும் இடம்தான் கடைசிவரை தகராறு. சுவரை நெருங்கியதும் இடது கால் பழைய ஞாபகத்தில் முன்னால் போகும். அதற்கு என் மனைவி சுவருக்கு முன்னால் அரிசி டின்னைக் கொண்டுவந்து வைத்தாள். டின்னைப் பார்த்ததும் கால் தானே சுருங்கிக்கொண்டது.

கார்த்திகையின் கடைசி வாரத்தில் தட்டு அடியோடு நின்றது. படியில் முன்பக்கமாக இறங்கினேன். தைல பாட்டில் அலமாரிக்குப் பின்னால் போயிற்று. ஒருநாள் என் மனைவியைக் கீழே அனுப்பி, மாமியோடு பேசுகிற சாக்கில் மச்சைக் கவனிக்கச் சொன்னேன். அவள் மேலே வந்து, "மேல ஆள் இருக்கிற மாதிரியே இல்லை," என்றாள். ஆனால் வீட்டுக்காரர் தன் வார்த்தையைத் திரும்ப வாங்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஆதம்பாக்கம் சாவி ஆணியில் தொங்கியது. தைக்கு மார்கழி ஒன்றுதான் பாக்கி.

அப்புறம் ஒரு காலை. மழை விட்டிருந்தது. நான் ஓடி முடித்துத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தேன். கதவு தட்டப்பட்டது. வீட்டுக்காரர்தான். கையில் டவரா இல்லை. இரண்டு காலிப் பால் பாட்டில்கள். தலைமுடி நெட்டுக்குத்தாக நின்றது. சட்டைப் பொத்தான் ஒன்று தள்ளிப் போட்டிருந்தார்.

"ஓடறதை நிறுத்திட்டேளா?"

"இல்ல சார். இப்பத்தான் முடிச்சேன்."

"பொய் சொல்லாதேங்கோ. ஒரு சத்தம் கேக்கலை."

"அதுக்குத்தானே சார் இவ்வளவு நாள் பாடுபட்டேன். கேக்காதபடிதான் ஓடறேன்."

அவர் தரையைப் பார்த்தார். பிறகு என் கால்களைப் பார்த்தார். பிறகு பாட்டில்களை.

"பால் டிப்போவை மூடிட்டான்," என்றார். "நாலே முக்காலுக்குப் போனாதான் கார்டுக்குப் பால். அஞ்சு மணிக்கு மேல போனா இல்லைங்கறான். நேத்திக்கும் இப்படித்தான். முந்தாநாளும்."

படியின் கீழிருந்து மாமியின் குரல் வந்தது. "சொல்லிட்டேளா? சும்மா சுத்தி வளைக்காதேங்கோ!" பிறகு எங்களுக்குக் கேட்கட்டும் என்று உரக்க, "முன்னெல்லாம் நான்தான் இவரை எழுப்பிவிடுவேன். நீங்க இடிக்க ஆரம்பிச்சப்புறம் நானும் எழுப்பறதை விட்டுட்டேன். இவர் தானா எழுந்து கோலைத் தூக்கிண்டு தட்டிட்டு, கையோட பாட்டிலையும் எடுத்துண்டு போயிடுவர். இப்ப ரெண்டு பேரும் தூங்கிப் போயிடறோம். மூணு நாளா வரக்காப்பி!"

"அலாரம் வெச்சுக்கலாமே சார்," என்றேன்.

"எனக்கு அலாரமா?" என்றார். ரயில்வேயில் முப்பத்தைந்து வருடம் இருந்தவர். அதற்குமேல் அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை. ஆணியில் தொங்கிய சாவியைப் பார்த்தார்.

"ஆதம்பாக்கத்துல எடம் பாத்திருக்கேளாமே."

"ஆமா சார்."

"தண்ணி?"

"கிணறு இருக்கு. உப்பு."

"காத்து நன்னா இருக்கும்னு சொல்லியிருப்பாளே."

"சொன்னாங்க சார்."

பாட்டில்களைக் கை மாற்றிக்கொண்டார். சமையலறை வாசலில் நின்ற என் மனைவியைப் பார்த்துச் சொன்னார், என்னைப் பார்க்காமல்.

"அவ்வளவு தூரம் போய் ஓடினா இங்க எப்படிம்மா கேக்கும்?"

பாலைக் காய்ச்சிக்கொண்டிருந்தவள், ஒரு சொம்பில் பாதி ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பினார்.

"ஆரம்பிக்கறச்சே மட்டும். மூணு போறும். அதுக்கு மேல வேண்டாம், சுண்ணாம்பு விழும்."

அன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் மனைவி சாவியை எடுத்துக்கொண்டு தியாகராய நகர் போய் வந்தாள்.

மறுநாள் நாலரைக்கு எழுந்தேன். கூடத்தின் நடுவில் நின்று, உடம்பைப் பின்னால் சாய்த்து, இடது காலை முன்னால் நீட்டி, ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்குவதுபோல் குதிகாலால் மூன்று முறை தரையில் அடித்தேன். கீழே தாழ்ப்பாள் விலகியது. காலிப் பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு தெருமுனைப் பக்கம் போயின.